சேம அச்சு முதல் டிஃபரன்ஷியல் மூடி வரை: உப்பு வண்டிகளின் பின்பக்க வரலாறு

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, கப்பல், வ.உ.சி., மக்ரூன் என்று வரிசையாக ஞாபகம் வரும். லாரியின் பின் அச்சு யாருக்கும் ஞாபகம் வராது. அதுவும் நியாயம்தான். அது வண்டிக்கு அடியில், சேறும் எண்ணெயும் அப்பி, யார் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருக்கிற சாமான். ஆனால் முள்ளக்காட்டிலோ வேப்பலோடையிலோ ஆறுமுகநேரியிலோ வாரிக் குவித்த உப்பு, ரோடு வழியாக ஊர் போய்ச் சேருவது அதன் தயவில்தான். அந்த அச்சுக்கு நடுவில் குடம் போல உருண்டையாக ஒன்று தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள் சில லிட்டர் கியர் ஆயில், பின்னால் ஒரு மூடி. இந்த மூடிக்கும் எண்ணெய்க்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் முதல் அத்தியாயம் சங்க காலத்தில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டி. மாடுகளோ நுகம் பழகாதவை, பாரமோ அதிகம், வழியில் மேடு பள்ளத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் உமணர்கள் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். அதன் பெயர் சேம அச்சு. இளவரசன் அந்த மாதிரி ஆபத்துக்கு உதவுகிறவன் என்பது பாட்டின் கருத்து. இலக்கியம் படிக்கிறவர்கள் உவமையை ரசிப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேறொன்றைக் கவனிப்பார்கள்: உப்பு வண்டியில் முதலில் போவது அச்சுதான் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. ஸ்டெப்னி டயர் மாதிரி ஸ்டெப்னி அச்சு!

மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவையே இல்லை. அச்சு அசையாமல் இருக்கும். இரண்டு சக்கரமும் அதன் மேல் தனித்தனியாகச் சுற்றும். கழன்று விழாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்றுவதில் எந்தத் தகராறும் இல்லை. உராய்வுக்கு மட்டும் மருந்து வேண்டும். ஆமணக்கு எண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த வண்டி மைதான் அந்த மருந்து. மை தீர்ந்தால் வண்டி கிறீச்சிட்டுத் தானே சொல்லிவிடும். (டிஃபரன்ஷியலில் எண்ணெய் தீர்ந்தாலும் சத்தம் வரும். ஆனால் அது வரும் நேரத்தில் பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்!)

சிக்கல் தொடங்கியது இஞ்சின் வந்த பிறகுதான். மாடு வண்டியை இழுக்கிறது. இஞ்சினோ சக்கரத்தையே சுற்ற வேண்டும். இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே தண்டில் பூட்டிச் சுற்றினால் நேர் ரோட்டில் பிரச்சினை இல்லை. திருப்பத்தில்தான் வம்பு. இரண்டு சக்கரத்துக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டு, வண்டி ஒரு முழு வட்டம் அடிக்கட்டும். வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 9.4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். ஒரே தண்டில் பூட்டியிருந்தால் ஏதாவது ஒரு டயர் அவ்வளவு தூரத்துக்கும் தேய்ந்தபடி இழுபடும், இல்லை தண்டு முறுக்கிக்கொண்டு உடையும்.

இதற்கு விடை கண்டவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் பிரான்ஸ் நாட்டின் ஒனெசிஃபோர் பெக்கர். நீராவி வண்டிக்காக 1820களின் இறுதியில் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ல் அதை மூன்று சக்கர சைக்கிளில் பொருத்தினார். கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியிலும் அது இருந்தது. சீனாவில் எப்போதும் தெற்கையே காட்டும் பொம்மை வைத்த தேர் ஒன்று இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அதற்குள் டிஃபரன்ஷியல் இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் ஊகம். தேர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

முத்துக்குளித் துறைக்காரர்கள் ரசிக்கக்கூடிய கதை ஒன்றும் இதில் உண்டு. 1900-ல் கிரேக்க நாட்டின் ஆன்டிகிதெரா தீவருகே கடல் பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள், மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலைக் கண்டார்கள். மூச்சடக்கிச் சிப்பி எடுத்த நம்மூர்க்காரர்களுக்கு அவர்கள் தொழில்முறைச் சொந்தம். அந்தக் கப்பலில் கிடைத்த பச்சை பிடித்த வெண்கலக் கட்டிக்குள் பல் சக்கரங்கள் இருந்தன. சூரிய சந்திர ஓட்டத்தைக் கணக்கிடும் கருவி அது. டெரெக் டி சொல்லா பிரைஸ் என்ற அறிஞர் 1974-ல், அதற்குள் டிஃபரன்ஷியல் அமைப்பு இருக்கிறது என்று எழுதினார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய டிஃபரன்ஷியல் என்று உலகமே வியந்தது. பிறகு எக்ஸ்ரே முறைகள் முன்னேறின. 2006-ல் வெளியான ஆய்வு, அந்தச் சக்கரங்கள் சந்திரனின் வேக மாற்றத்தைக் காட்டும் வேறு வேலைக்கானவை என்று காட்டியது. ஆகவே பெக்கருக்கே மாலை. இருந்தாலும் இணையத்தில் இன்னமும் பழைய கதைதான் சுற்றுகிறது.

அதே 1974 தூத்துக்குடிக்கும் முக்கியமான வருடம். அதுவரை இங்கே கரையோரக் கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நிற்க, தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தன. 1876-லேயே ரயில் வந்துவிட்டது. ஆக, துறைமுகம் என்றாலும் தோணியும் ரயிலும் மாட்டு வண்டியும் சேர்ந்து இழுத்த துறைமுகம். 1974 ஜூலை 11-ல் புதிய துறைமுகம் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேராகக் கரைக்கு வந்தது. லாரி நேராகக் கப்பல் பக்கத்துக்குப் போனது. முத்துக்குளிப்பு அதற்குள் ஓய்ந்துவிட்டது. இந்தக் கரையில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டினார்கள். கப்பல் கம்பெனி நடத்தியவர், சிறையில் செக்கிழுத்தவர் பெயரில் துறைமுகம். பொருத்தம்தான்.

இனி லாரிகள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920களில் இந்தியாவில் வண்டிகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தன. தெற்கே மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் பஸ்களும் லாரிகளும் ரோட்டைப் பிடித்தன. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தையே தயாரித்து விற்றது. பெட்ரோலுக்கு மாற்று கிடைத்தது. உடைந்த பல் சக்கரத்துக்கு மாற்று கிடைப்பதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தியாவின் உதிரிபாகச் சந்தை பிறந்தது இங்கேதான். 1953-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது: உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத, வெறுமனே பூட்டி விற்கிற கம்பெனிகளுக்கு இடமில்லை. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது, ஃபோர்டும் கிளம்பியது. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா 1954 முதல் பென்ஸ் கூட்டுறவில் லாரி செய்தது. பம்பாயில் மஹிந்திரா ஜீப் பூட்டியது. ஆனால் கிளம்பிப்போன கம்பெனிகளின் வண்டிகள் கிளம்பவில்லை! ஷெவர்லேயும் ஃபோர்டும் போர்க்கால ஜீப்பும் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. இறக்குமதிக்கோ லைசென்ஸ் வேண்டும். அப்புறம் என்ன செய்வது? சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்து விற்றார்கள். கோவை வார்ப்படப் பட்டறைகள் அச்சு எடுத்து வார்த்தன. "ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் போதுமா?" என்ற கேள்வி அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்த கேள்வி. அமெரிக்காவில் ஆடம்பரத்துக்காக வாங்கும் மாற்றுப்பாகம் இங்கே பிழைப்புக்காக வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆக்சில்ஸ் இந்தியா, ஸ்ரீபெரும்புதூரில் அச்சு ஹவுசிங்குகளையே செய்ய ஆரம்பித்தது.

மூடியைப் பற்றிச் சொல்லும் முன் இரண்டு வகை அச்சைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய லாரிகளில் இருப்பது பாஞ்சோ வகை. பாஞ்சோ என்ற இசைக்கருவி போல நடுவில் வட்டமாக இருப்பதால் அந்தப் பெயர். இதில் கிரவுன் பினியன் முழுவதும் முன்பக்கமாகக் கழற்றி எடுக்கப்படும். பின்னால் இருக்கும் குமிழ் வெல்டிங் செய்தது, கழலாது. இரண்டாவது, ஜீப்பில் வந்த ஸ்பைசர் வகை. பல் சக்கரங்கள் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் போல்ட் போட்ட தகட்டு மூடி இருக்கும். மூடியைக் கழற்றினால் கிரவுன் வீல் பல்லிளிக்கும். ஆக, வெளிநாட்டுக் கேட்லாக்குகளில் பளபளக்கிற டிஃபரன்ஷியல் மூடிகள் இந்த இரண்டாம் வகைக்குத்தான். பாஞ்சோ லாரிக்காரர் ஆசைப்பட்டாலும் மாட்ட இடமில்லை.

எண்ணெயின் கதை இதைவிடச் சுவையானது. 1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் கம்பெனியில் எர்னஸ்ட் வில்ட்ஹாபர் ஹைப்பாய்டு பல் சக்கரத்தை உருவாக்கினார். பினியன், கிரவுன் வீலின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்காரும். அதனால் இஞ்சினிலிருந்து வரும் தண்டு கீழே இறங்கும், காரின் தரையும் இறங்கும், சத்தமும் குறையும். பேக்கார்டு கார்கள் உடனே எடுத்துக்கொண்டன. ஆனால் இந்தப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகக் கந்தகம் முதலிய சேர்மானங்களைக் கலந்தார்கள். கியர் ஆயிலைத் திறந்தால் அழுகிய வாடை வருகிறதே, அதுதான் காரணம். இந்தச் சேர்மானங்களில் ஒன்று திமிங்கல எண்ணெய்! ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்துக் கியர் ஆயிலில் கலப்பது வழக்கம். 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் மாற்று தேடினார்கள். நம்மூர் ஆமணக்குக்கும் இதில் பங்கு உண்டு. 1909-ல் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி ஆமணக்கு எண்ணெய் கலந்த மோட்டார் எண்ணெய் ஒன்றை விற்றது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான் கேஸ்ட்ரால். வண்டி மையும் கேஸ்ட்ராலும் ஒரே செடியின் பிள்ளைகள்.

ஒர்க்‌ஷாப்பில் "தொண்ணூறு ஆயில்" என்பார்கள். இஞ்சினுக்கு 40, டிஃபரன்ஷியலுக்கு 90 என்பதால் இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. இஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எண் வரிசையே வேறு. 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை 40, 50 நம்பர் இஞ்சின் ஆயிலுக்குக் கிட்டத்தட்டச் சமம். இன்னொரு குழப்பம் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்ற தரக் குறியீடு. ஐந்து பெரிது, ஆகவே உசத்தி என்று எல்லா இடத்திலும் ஊற்றக்கூடாது. ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5 சரி. பழைய கியர்பாக்ஸ்களில் உள்ள பித்தளை வளையங்களை அதன் கந்தகச் சேர்மானம் அரிக்கக்கூடும். அதனால்தான் அங்கே ஜி.எல்.4 கேட்கிறார்கள்.

அளவு பார்ப்பது எளிது. எளிது என்பதால்தான் யாரும் பார்ப்பதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சூடு ஆறிய பின், பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டும். எண்ணெய் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். கிரவுன் வீலின் கீழ்ப்பகுதி எண்ணெயில் முங்கியிருக்கும். அது சுற்றும்போது எண்ணெயை அள்ளி, மூடியின் வளைவு வழியாக எறிந்து, முன்னால் இருக்கும் பினியன் பேரிங்குக்கு அனுப்பும். பம்பு கிடையாது, விளக்கு எரியாது, மீட்டர் கிடையாது. அளவு குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அந்தப் பேரிங்தான். கூடினாலும் கெடுதல்: நுரைக்கும், சூடேறும், சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் போகும். பிரேக்குக்குள் எண்ணெய் போன சுமை வண்டி, ரோட்டில் எல்லாருக்கும் ஆபத்து.

உப்புக் கரையில் இதற்கு மேல் ஒரு எதிரி. ஈர உப்பிலிருந்து சொட்டும் நீர், உப்பளப் பாத்திக்கரையின் சேறு, கடல் காற்று மூன்றும் சேர்ந்து தகட்டு மூடியின் கீழ் விளிம்பில் தங்கி அரிக்கும். மூடி ஒரேயடியாக உடையாது. போல்ட் ஓரமாக வியர்க்கும். வியர்வையில் தூசி ஒட்டும். தூசி படிந்ததால் கசிவு தெரியாது. அடுத்த பழுது ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய். அது உப்பிலும் சேற்றிலும் அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று சீல் வழியாக வெளியேறும். ஆறும்போது அதே வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். ஒரு மூடிக்குப் பேக்கிங் வெட்டி ஷெல்லாக் தடவி ஒட்டும் செலவும், கிரவுன் பினியன் மாற்றும் செலவும் எங்கேயோ இருக்கின்றன. தவணையில் வண்டி எடுத்து ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் சில வாரச் சாப்பாடு. இந்த வகை முதலாளி-டிரைவர்கள் பெருகியது டாடா 407 வந்த 1986-க்குப் பின், இன்னும் குறிப்பாகக் குட்டி யானை என்று செல்லப்பெயர் பெற்ற டாடா ஏஸ் வந்த 2005-க்குப் பின். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த்தும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் அமெரிக்கப் பிக்கப்காரர்கள் போடும் பெரிய அலுமினிய மூடி இங்கே உதவுமா? அந்த மூடிகளின் விளம்பரம் மூன்று விஷயம் சொல்லும்: எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும், பட்டைகள் வழியாகச் சூடு குறையும், மூடியிலேயே வடிகால் பிளக்கும் இரும்புத்தூள் பிடிக்கும் காந்தமும் உண்டு. மூன்றாவது நிஜமான வசதி, ஏனென்றால் பல ஸ்பைசர் வகை அச்சுகளில் வடிகால் பிளக்கே கிடையாது. மூடியைக் கழற்றித்தான் எண்ணெயை வடிக்க வேண்டும். முதல் இரண்டில் சர்ச்சை உண்டு. 2010களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் கேல் பேங்க்ஸ் கண்ணாடி போன்ற மூடிகளை வைத்துச் சோதனை செய்து காட்டினார். பின்புறம் தட்டையான மூடியில் எண்ணெய் மோதிச் சிதறி நுரைக்கிறது, பழைய வளைவான மூடியே எண்ணெயை ஒழுங்காகப் பினியனுக்கு அனுப்புகிறது என்றார். அவரும் மூடி விற்பவர் என்பதை மறக்க வேண்டாம்! ஆனாலும் பல் சக்கரம் எண்ணெயை எறியும் விதத்தைப் பார்த்தால் அவர் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது.

தூத்துக்குடிக்கு வேறு கணக்கு. மலை ஏற்றத்தில் மணிக்கணக்கில் டிரெய்லர் இழுக்கிற சூடு மதுரை ரோட்டிலும் திருநெல்வேலி ரோட்டிலும் இல்லை. இங்கே இருப்பது உப்பு. அலுமினிய மூடியை இரும்பு ஹவுசிங்கில் இரும்பு போல்ட்டால் இறுக்கி, நடுவில் உப்புநீரை விட்டால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் கரையும், போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதோடு, ஆழமான மூடியில் நிரப்பும் துளை வேறு உயரத்தில் இருந்தால், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கும் பழைய துளை அளவும் செல்லாது. இந்தக் கரைக்குக் கனமான வார்ப்பிரும்பு மூடியோ, நன்றாகப் பெயின்ட் அடித்த பழைய தகட்டு மூடியோ போதும் என்றே தோன்றுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் நின்றது, வண்டிகளும்தான். நீரில் நின்ற வண்டிக்கு இஞ்சினைப் பார்ப்பவர்கள் பின் அச்சை மறந்துவிடுவது சகஜம். டிஃபரன்ஷியலுக்குள் போன தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அதனால் வண்டியை நகர்த்தாமல் வடிகால் பிளக்கைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு எண்ணெய். ஓட்டிவிட்டுத் திறந்தால் இரண்டும் கலந்து, பால் அதிகமாக விட்ட டீ மாதிரி வரும். அப்படி வந்தால் முழுவதையும் வடித்து, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடிக்க வேண்டும். பிரீதரையும் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும்.

இப்போது மின்சாரச் சரக்கு ஆட்டோக்கள் வருகின்றன. இஞ்சின் ஆயில் கிடையாது, ஆயில் ஃபில்டர் கிடையாது என்று விற்கிறார்கள். பின்னால் குனிந்து பாருங்கள். மோட்டாரை ஒட்டிச் சின்னதாக ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும், அதற்குள் கொஞ்சம் கியர் ஆயிலும் பக்கத்தில் ஒரு பிளக்கும்.